ஒற்றைக்கண் ஒற்றர் தலைவன்: ஒரு சித்திரக்கதைப் பாத்திரத்தின் வரலாறு

அரசியலை விரித்துரைத்த நம் முன்னோர், ஒற்றாடலையும் அரசின் கடமைகளுள் ஒன்றாகவே எண்ணினர். திருக்குறளின் 59-ஆம் அதிகாரம் முழுவதும் ஒற்றரைப் பற்றியதே. ஓர் ஒற்றர் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றரைக் கொண்டு தேர்ந்த பின்னரே ஏற்றல் வேண்டும் என்பதும், ஒற்றருக்குச் செய்யும் சிறப்பைப் பிறர் அறியச் செய்தல் ஆகாது என்பதும் அவ்வதிகாரத்தில் நாம் காணும் இரு கருத்துகள். முன்னது, ஒற்றரையும் ஆராய்ந்தே நம்புக என்கிறது. பின்னது, ஒற்றருக்கு ஊரறிந்த புகழ் இல்லை என்கிறது. இவ்விரு கருத்துகளையும் நெஞ்சில் இருத்திக்கொண்டு, கடல்கடந்த ஒரு நாட்டின் சித்திரக்கதைகளில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உலவிவரும் ஓர் ஒற்றனின் வரலாற்றை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். அவன் பெயர் நிக் ஃபியூரி.

சங்க மலரில் சித்திரக்கதைக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் வினவலாம். வினவுதல் தகும். ஆனால் தமிழ்நாட்டில் 1970-களில் சிறுவராயிருந்தோர், சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸ் இதழ்களை மறந்திருக்க மாட்டார்கள். அவ்விதழ்களில் உலவிய இரும்புக்கை மாயாவி, 1962-இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' இதழில் பிறந்தவன். தொடக்கத்தில் தீநெறியில் சென்று, பின்னர் ஓர் இரகசியப் படையின் ஒற்றனாகப் பணிபுரிந்தவன். அவன் சாகசங்களை ஒளித்து வைத்துப் படித்த தலைமுறையே இன்று தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிப் பெற்றோராகவும் பாட்டன் பாட்டியராகவும் வாழ்கிறது. அத்தலைமுறையின் மக்களும் பெயரரும் திரையரங்கிலும் இல்லத்திலும் கண்டு மகிழும் அமெரிக்க அதிமானுட வீரர் கதைகளில், வீரர்களுக்குப் பின்னால் கருப்பு அங்கியும் கண்மறைப்புமாக நிற்பவன் ஃபியூரி. நம் இல்லத்துள் நுழைந்துவிட்ட ஒருவனின் குலமும் வரலாறும் அறிந்துகொள்ளுதல் நன்றன்றோ?

போர்க்களத்தில் ஒரு பிறப்பு

ஃபியூரி ஒற்றனாகப் பிறக்கவில்லை, படைவீரனாகவே பிறந்தான். நியூயார்க்கில் இயங்கிய மார்வெல் நிறுவனம், 1963-ஆம் ஆண்டு மே மாதத் தேதியிட்டு, 'சார்ஜண்ட் ஃபியூரியும் அவனுடைய ஹவ்லிங் கமாண்டோக்களும்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஓர் இதழைத் தொடங்கியது. எழுதியவர் ஸ்டான் லீ. வரைந்தவர் ஜாக் கர்பி. தலைப்பு எத்துணைக் கரடுமுரடாக இருப்பினும் தம் பாணியில் கதை அமைந்தால் இதழ் விற்கும் என்று பதிப்பாளர் மார்ட்டின் குட்மனிடம் பந்தயம் கட்டியே இதனைத் தொடங்கியதாக லீ பின்னாளில் கூறியுள்ளார்.

இருவருமே இரண்டாம் உலகப்போரில் பணிபுரிந்தவர்கள். ஆயினும் அவர்களுடைய போர்கள் வெவ்வேறு. லீ தாய்நாட்டிலேயே இருந்து, படையினருக்கான பயிற்சிப் படங்களுக்கும் நூல்களுக்கும் எழுதிக் கொடுத்தார். கர்பியோ 1944 ஆகஸ்டில் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கினார். அவர் சித்திரக்காரர் என்பதை அறிந்த மேலதிகாரி, பகைவர் இருக்கும் ஊர்களுக்குள் முன்னதாகச் சென்று, கண்டவற்றை வரைபடமாக எழுதிக் கொணரும் வேவுப் பணியை அவரிடம் ஒப்படைத்தார். உயிரைப் பணயம் வைத்துச் செய்யவேண்டிய வேலை அது. குளிர்காலத்தில் கால்கள் பனியால் நைந்து, அவற்றை இழக்கும் நிலைக்கு ஆளாகி, அவர் களத்தினின்று மீண்டார். ஒற்றர் தலைவன் ஒருவனை உலகுக்கு வரைந்து கொடுத்த கை, முன்னொரு நாள் உண்மையிலேயே வேவு வரைந்த கை என்பது நாம் கருதத்தக்கது.

அக்கதையின் படைக்குழு வேறொரு வகையிலும் கருத்தைக் கவர்வது. ஐரிஷ் வழியினன், யூதன், இத்தாலிய வழியினன், தென்மாநிலத்தான், கருப்பினத்தைச் சேர்ந்த ஊதுகொம்புக் கலைஞன் எனப் பலரும் அதில் ஒன்றாக நின்றனர். உண்மையில் அப்போரின்போது அமெரிக்கப் படையில் வெள்ளையரும் கருப்பரும் பிரித்தே வைக்கப்பட்டனர். அப்பிரிவினையை ஒழிக்கும் ஆணையை அதிபர் ட்ரூமன் 1948-இல்தான் பிறப்பித்தார். ஆகவே 1963-இல் வெளிவந்த இக்கதை, 1942-இன் போரைச் சொல்லும்போதே, அந்நாள் இவ்வாறு இருந்திருக்கலாகாதா என்னும் ஏக்கத்தையும் சேர்த்துச் சொல்லிற்று. மேலும், நான்காம் இதழிலேயே அக்குழுவின் இளைஞன் ஒருவன் மாண்டுபோகிறான். வீரர் சாவதில்லை என்று நம்பியிருந்த சிறு வாசகருக்கு அஃது ஓர் அதிர்ச்சி. தன் ஆணைக்குக் கீழ்ப்படிந்தோர் சாவதைக் காணும் சுமை அன்றே ஃபியூரியின் தோளில் ஏறியது. பின்வந்த கதைகள் அனைத்திலும் அச்சுமை இறங்கவே இல்லை.

படைவீரன் ஒற்றனாதல்

அதே 1963-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தேதியிட்ட 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 21-ஆம் இதழில் ஒரு புதுமை நிகழ்ந்தது. போர்க்கால இதழில் சார்ஜண்டாக இருந்த அதே ஃபியூரி, இருபது ஆண்டு முதிர்ந்து, சி.ஐ.ஏ.யின் அதிகாரியாக, நால்வர் குழுவின் வாயிலில் வந்து நிற்கிறான். முகமூடியணிந்து மக்களிடையே இனப்பகையைத் தூண்டும் ஒருவனை அடக்க அவன் அவர்களுடைய உதவியை நாடுகிறான். இறுதியில் முகமூடி விலகியபோது தெரிந்தது இட்லரின் முகம்.

இதழ்தோறும் தனித்தனியே வாழ்ந்த பாத்திரங்களை ஒரே உலகத்தின் குடிமக்களாக்கியது மார்வெல் கதைகளின் தனிச்சிறப்பு. அவ்வுலகத்தின் பழம்போரையும் புதுக்காலத்தையும் பிணைக்கும் ஆணியாக ஃபியூரி அன்று அமைந்தான். இங்கேதான் அவன் துணைப்பாத்திரமாக நிற்கும் நெறியும் தொடங்குகிறது. கதை அவனுடையதன்று, ஆயினும் அவன் செய்தி கொணராவிடில் கதை தொடங்குவதே இல்லை.

1965-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத் தேதியிட்ட 'ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ்' 135-ஆம் இதழில் ஃபியூரி, 'ஷீல்டு' என்னும் பன்னாட்டு ஒற்றமைப்பின் தலைவனாகிறான். ஷீல்டு என்பது கேடயம். நீண்டதொரு பெயரின் முதலெழுத்துகளைக் கோத்து அச்சொல்லை ஆக்கினர். அக்கால வழக்கம் அது. 1962 முதல் ஜேம்ஸ் பாண்ட் திரைப்படங்களும், 1964 முதல் 'தி மேன் ஃப்ரம் அங்க்கிள்' தொலைக்காட்சித் தொடரும் உலகைக் கவர்ந்திருந்தன. அந்த அலையில் தானும் மிதக்க மார்வெல் விரும்பியதில் வியப்பில்லை.

அம்முதற்கதையின் நிகழ்ச்சி ஒன்று நாம் நினைவில் வைக்கத்தக்கது. ஃபியூரியைக் கொல்லப் பகைவர் முயல்வர் என்று அறிந்து, அவனை அச்சொப்பான பொறிமனிதர் சிலரைச் செய்து வெளியே உலவ விடுகின்றனர். கொலைஞர் சுட்டு வீழ்த்துவது அப்பொறிமனிதரையே. பின்னர் அவையில் தலைமைப் பொறுப்பை ஏற்குமாறு பெரியோர் வேண்ட, கல்வியும் நாகரிகமும் இல்லாத தான் அதற்குத் தகுதியற்றவன் என்று ஃபியூரி மறுக்கிறான். மறுத்துக்கொண்டிருக்கும்போதே தன் இருக்கையில் வெடிகுண்டு பொருத்தப்பட்டிருப்பதைக் கண்டு, அதனைப் பெயர்த்து வெளியே வீசுகிறான். அப்போதுதான் அவ்வவை வானத்தில் மிதக்கும் மாபெரும் கலமாகிய ஹெலிகேரியரில் கூடியிருந்தது என்பது வாசகருக்குத் தெரியவருகிறது. தகுதியில்லை என்று சொன்னவனே தகுதியுடையவன் என்று மெய்ப்பித்துவிடுகிறான்.

அக்காலத்துக் கண்மறைப்புக்கும் ஒரு கதை உண்டு. 1963-இன் சி.ஐ.ஏ. அதிகாரிக்கு இரு கண்ணும் நலமாயிருந்தன. 1965-இல் இடக்கண்ணை ஒரு துணி மறைத்தது. காரணத்தை 1966-இல் வந்த போர்க்கால இதழொன்று கூறிற்று: போரில் வெடித்த எறிகுண்டினால் ஊறுற்ற கண், ஆண்டுகள் செல்லச்செல்ல ஒளியிழந்தது என்பதே அது. எல்லாவற்றையும் கண்காணிக்கும் ஒருவனுக்கு ஒரு கண்ணே உண்டு என்னும் இம்முரண், திட்டமிட்டு அமைந்ததோ தற்செயலாக அமைந்ததோ, பாத்திரத்தின் இயல்பை நன்கு உணர்த்துவதாயிற்று.

ஓவியத்தின் எழுச்சி, விற்பனையின் வீழ்ச்சி

1966-ஆம் ஆண்டின் இறுதியில் ஜிம் ஸ்டெரான்கோ என்னும் இளைஞர் இப்பணியில் சேர்ந்தார். அவர் முன்னர் மாய வித்தைக்காரராகவும், கட்டிவைத்த விலங்குகளிலிருந்து தப்பிக்காட்டும் கலைஞராகவும் மேடையேறியவர். 1967-இல் எழுதும் பொறுப்பையும் தாமே ஏற்றார். திரைப்படத்தின் கோணங்களையும் விளம்பர ஓவியத்தின் துணிச்சலையும் அவர் சித்திரக்கதைக்குள் கொணர்ந்தார். 1968-இல் வந்த ஓர் இதழில் ஒரே காட்சியை நான்கு பக்கங்களில் விரித்து வரைந்தார். அதனை முழுமையாகக் காண இரண்டு பிரதிகள் வாங்கி அருகருகே வைக்க வேண்டும்! அதே ஆண்டு ஜூனில் ஃபியூரியின் பெயராலேயே தனியிதழ் தொடங்கியபோது, முதல் மூன்று பக்கங்களைச் சொல்லே இன்றி அமைத்தார். ஒற்றன் இருளில் சுவரேறுகையில் பேச்சு எதற்கு? உரையாடல் இல்லாத பக்கங்களுக்கு எழுத்துக்கூலி தரத் தயங்கினர் என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஓவியர் உலகம் அவ்விதழ்களை இன்றும் போற்றுகிறது. ஆயினும் தனியிதழ் நீடிக்கவில்லை. ஸ்டெரான்கோ வரைந்தவை நான்கே இதழ்கள். 1971-இல் இதழ் நின்றது. நின்றதற்கு முன்வந்த இறுதி இதழ்கள் பழங்கதைகளின் மறுபதிப்பே. ஃபியூரியின் பெயரில் பின்னரும் பல தொடர்கள் தோன்றின. எதுவும் நெடுங்காலம் ஓடவில்லை.

தலைமைப் பாத்திரமாக நிலைபெறாத ஒருவன், பிறர் கதைகளில் மட்டும் எவ்வாறு அறுபது ஆண்டு நிலைத்தான்? விடை அவன் தொழிலிலேயே உள்ளது என்பது நம் கருத்து. அதிமானுட வீரனின் செயல் வெளிப்படையானது. அவன் பகலில் பறப்பான், மக்கள் கைதட்டுவர். ஒற்றனின் செயல் மறைவானது. அவனை நடுவில் நிறுத்தி விளக்கேற்றினால் அவன் ஒற்றனாக இரான், மற்றுமொரு வீரனாகிவிடுவான். கதையின் ஓரத்தில், பாதி இருளில் நிற்கும்போதுதான் அவன் சொல்லுக்கு எடை உண்டாகிறது. ஒற்றருக்கு ஊரறியச் சிறப்புச் செய்யலாகாது என்ற நம் முன்னோர் கருத்தை, அமெரிக்கப் பதிப்பாளர் தம் விற்பனைக் கணக்கில் கற்றுக்கொண்டனர் போலும்.

நம்பிக்கை தளர்ந்த காலம்

1965-இன் வாசகர், தம் நாட்டு ஒற்றமைப்புகள் நன்மைக்கே உழைப்பன என்று பெரும்பாலும் நம்பினர். பத்தே ஆண்டுகளில் அந்நம்பிக்கை ஆட்டங்கண்டது. 1972 ஜூனில் வாட்டர்கேட் கட்டடத்தில் புகுந்தோர் பிடிபட்டனர். 1974 ஆகஸ்டில் அதிபர் நிக்சன் பதவி விலகினார். 1975-இல் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையில் அமைந்த குழு, உளவுத் துறைகளின் மறைவான செயல்களை ஆராய்ந்தது. அயல்நாட்டுத் தலைவர்களைக் கொல்லத் தீட்டிய திட்டங்களும், சொந்தக் குடிமக்களின் கடிதங்களைப் பிரித்துப் படித்த செயல்களும் வெளியாயின. அரசியற் கொலையைத் தடைசெய்யும் ஆணையை 1976-இல் அதிபர் ஃபோர்டு பிறப்பித்தார்.

சித்திரக்கதை இவற்றை அறியாதது போல இருக்கவில்லை. 1974-இல் ஸ்டீவ் எங்கில்ஹார்ட் எழுதிய 'கேப்டன் அமெரிக்கா' கதையில், நாட்டைக் கவிழ்க்க முயலும் இரகசியப் பேரரசு ஒன்றன் தலைவனை வீரன் துரத்திச் செல்ல, துரத்தல் வெள்ளை மாளிகைக்குள் சென்று முடிகிறது. முகத்தை வாசகருக்குக் காட்டவில்லை. ஆனால் நிக்சனையே மனத்திற்கொண்டு எழுதியதாக ஆசிரியர் பின்னர் உரைத்தார். நாட்டின் பெயரையே தன் பெயராகக் கொண்ட வீரன், மனமுடைந்து அப்பெயரையும் உடையையும் சிறிது காலம் துறக்கிறான்.

வீரன் துறக்கலாம், ஒற்றர் தலைவன் துறக்க இயலுமா? ஃபியூரி பதவியில் தொடர்ந்தான். ஆனால் அவனைப் பற்றிய கதைகளின் நிறம் மாறிற்று. 1976-இல் வந்த ஒரு கதை, அவன் முதுமையடையாததன் மறையை வெளியிட்டது. போரில் ஊறுற்று உயிருக்குப் போராடியபோது ஓர் அறிஞர் ஏற்றிய மருந்தே அவனை இளமையாக வைத்திருக்கிறதாம். ஆண்டுதோறும் அதனை ஏற்றாவிடில் அவன் மாள்வான். அம்மருந்தைக் கைக்கொண்ட ஒருவன் அவனை அச்சுறுத்திப் பணம் பறிக்கிறான்.

கதைநுட்பம் அறிந்தோர்க்கு இதன் தேவை விளங்கும். ஏனைய வீரர்களின் பிறப்புக்கு ஆண்டு இல்லை. ஃபியூரியின் இளமையோ 1940-களின் போரோடு ஆணியடித்துப் பிணைக்கப்பட்டது. காலம் செல்லச்செல்ல அவன் மட்டும் முதியவனாக வேண்டும். அவ்விடரைத் தீர்க்கவே மருந்து வந்தது. ஆனால் அத்தீர்வு வேறொன்றையும் உணர்த்திற்று. பிறர் மறைகளையெல்லாம் அறிந்தவனுக்குத் தன்னிடமும் ஒரு மறை உண்டு. மறை உடையவன் எவனோ, அவன் அச்சுறுத்தலுக்கும் ஆளாவான்.

கேடயத்துள் கறையான்

1988-இல் பாப் ஹாராஸ் எழுத, பால் நியரி வரைய, ஆறு இதழ்களாக வெளிவந்த தொடரின் தலைப்பே நம்மைத் திகைக்க வைப்பது: 'நிக் ஃபியூரி எதிர் ஷீல்டு'. தன் அமைப்பின் மேல்மட்டத்தில் ஏதோ கேடு நிகழ்வதை ஃபியூரி மோப்பம் பிடிக்கிறான். ஆராயத் தொடங்கியதும் அவனே துரோகி என்று பழிசுமத்தி, அவன் வளர்த்த வீரரே அவனை வேட்டையாடுகின்றனர். உண்மை என்னவெனில், ஃபியூரியைக் காக்க 1965-இல் செய்த பொறிமனிதரின் வழிவந்த புதிய வகையினர் தாமாகச் சிந்திக்கத் தொடங்கி, அமைப்பின் உயர் அலுவலரை அகற்றி, அவர்தம் உருவில் அமர்ந்துவிட்டனர்.

முதற்கதையில் அவன் உயிரைக் காத்த கருவியே இக்கதையில் பகையாகிறது. இதனை வெறும் கற்பனை விளையாட்டு என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் ஈரானுக்குக் கள்ளமாகப் படைக்கலம் விற்று, அப்பணத்தை நிக்கராகுவாவின் கிளர்ச்சியாளர்க்கு அளித்த செய்தி வெளிவந்து அமெரிக்கா கலங்கியது 1986-87 ஆண்டுகளில். அரசின் கருவி ஒன்று அரசின் சட்டத்துக்கே புறம்பாகத் தானே இயங்கத் தொடங்கினால் என்னாகும் என்ற வினா அன்று ஒவ்வொரு நாளேட்டிலும் எழுந்தது. அதே வினாவைச் சிறுவர் படிக்கும் தாளிலும் நாம் காண்கிறோம். ஃபியூரி இறுதியில் ஷீல்டைத் தானே கலைத்துவிடுகிறான். தன் கேடயத்தைத் தானே உடைத்த வீரன் அவன்.

நினைவைக் களவாடிய தலைவன்

இவ்வரலாற்றில் மிகக் கடுமையான கட்டம் 2004-2005 ஆண்டுகளில் வந்த 'சீக்ரெட் வார்' என்னும் தொடர். எழுதியவர் பிரையன் மைக்கேல் பெண்டிஸ். வரைந்தவர் இத்தாலியரான கேப்ரியேல் டெல்லோட்டோ. 2001 செப்டம்பரில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்து, 2003-இல் அமெரிக்கப் படை ஈராக்கினுள் நுழைந்த காலம் அது.

லாட்வேரியா என்னும் கற்பனை நாட்டின் தலைவி, அமெரிக்காவின் நட்பைப் பெற்றுக்கொண்டே, அந்நாட்டுக் குற்றவாளிகளுக்கு மறைவாகக் கருவியும் பொருளும் அளிக்கிறாள் என்பதை ஃபியூரி கண்டறிகிறான். அதிபரிடம் சான்றுடன் சென்று சொல்கிறான். அதிபர் நடவடிக்கைக்கு இசையவில்லை. ஃபியூரி வாளாவிருக்கவில்லை. கேப்டன் அமெரிக்கா, ஸ்பைடர்மேன் முதலிய வீரர் சிலரை அழைத்துச் சென்று, யாரும் அறியாமல் அந்நாட்டைத் தாக்குகிறான். பணி முடிந்ததும் அவ்வீரர்களின் நினைவிலிருந்தே அந்நிகழ்ச்சியை அழித்துவிடுகிறான். ஓராண்டு சென்றபின் பழிவாங்கும் தாக்குதல் நியூயார்க்குக்கே வருகிறது. ஏன் தாக்கப்படுகிறோம் என்பதே அறியாமல் வீரர்கள் வீழ்கின்றனர்.

ஃபியூரியின் பக்கத்தில் நியாயம் இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட இயலாது. அவன் கண்டறிந்தது உண்மை, அச்சமும் உண்மை, காத்திருந்தால் மக்கள் மாண்டிருக்கக்கூடும். ஆனால் அவனை நம்பி உடன்சென்றோரின் நினைவை அவன் களவாடினான். ஒருவன் செய்த செயலைப் பற்றி அவனே வருந்தவோ பெருமை கொள்ளவோ வழியில்லாமல் செய்தல், அவன் மனச்சான்றையே பறித்துக்கொள்ளுதல் அன்றோ? கொலையினும் கொடிது இது என்று கருதுவோரும் இருப்பர். 1963-இல் தன் இளைஞன் ஒருவன் மாண்டதற்கு உள்ளம் வெதும்பிய சார்ஜண்ட், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் தன் தோழரையே கருவிகளாகக் கையாளும் நிலைக்கு வந்து சேர்ந்தான். இச்செயலால் பதவியிழந்து தலைமறைவானான். அந்த இருக்கையில் மரியா ஹில் என்னும் பெண் அலுவலர் அமர்ந்தார்.

திரையில் ஏறிய முகம்

இதற்கிடையே மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. 2002-இல் தொடங்கிய 'தி அல்டிமேட்ஸ்' என்னும் இதழ், பழைய வீரர்களைப் புதியதோர் உலகில் புதிதாகப் படைத்தது. அதில் ஃபியூரி கருப்பினத்தவன்; ஓவியர் பிரையன் ஹிட்ச் அவனுக்கு நடிகர் சாமுவேல் எல். ஜாக்சனின் முகத்தையே வரைந்தார். தங்களைத் திரையில் யார் நடிக்கலாம் என்று வீரர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் காட்சியொன்றில், ஃபியூரி அந்நடிகரின் பெயரையே சொல்கிறான். கேலியாக எழுதியது மெய்யாயிற்று. 2008-இல் 'அயர்ன் மேன்' திரைப்படத்தில், எழுத்துகள் ஓடி முடிந்து அவையோர் எழுந்து செல்லும் வேளையில், ஜாக்சன் ஃபியூரியாகத் தோன்றினார். 1998-இல் டேவிட் ஹாசல்ஹாஃப் அப்பாத்திரத்தைத் தொலைக்காட்சிப் படமொன்றில் ஏற்றிருந்ததைப் பலரும் மறந்தே போயினர்.

பிரிந்து கிடந்த படைவீரரின் காலத்தில், ஒன்றுபட்ட குழுவைக் கனவு கண்ட கதையில் பிறந்த பாத்திரம், அக்குழுவின் கருப்பினத் தோழனுடைய நிறத்திலேயே பின்னாளில் உலகெங்கும் அறியப்பட்டது என்பது வரலாற்றின் இனிய திருப்பம் எனலாம்.

2014-இல் வெளிவந்த 'கேப்டன் அமெரிக்கா: தி வின்டர் சோல்ஜர்' திரைப்படம், 1988-இன் கருவை மீண்டும் எடுத்துக்கொண்டது. குற்றம் செய்யப்போகிறவரை முன்னரே கணித்து வானிலிருந்து அழிக்கும் கலங்களை ஷீல்டு கட்டுகிறது. ஃபியூரி முதலில் அதற்கு உடன்படுகிறான். கேப்டன் அமெரிக்கா மறுக்கிறான். அமைப்பினுள் ஹைட்ரா என்னும் பகைக்கூட்டம் நெடுங்காலமாகப் புகுந்திருந்தமை பின்னர் தெரியவருகிறது. எட்வர்ட் ஸ்நோடன் என்பவர், அமெரிக்க அரசு தொலைபேசி, இணையத் தொடர்புகளைப் பெருமளவில் கண்காணிப்பதை 2013-இல் வெளிப்படுத்தியிருந்தார். ஆதலால் அப்படத்தைக் கண்டோர்க்கு அது வெறும் பொழுதுபோக்காகத் தோன்றவில்லை.

காணலாம், செய்யலாகாது

அதே 2014-ஆம் ஆண்டு, சித்திரக்கதையின் ஃபியூரிக்கு ஒரு முடிவு எழுதப்பட்டது. ஜேசன் ஆரன் எழுதி மைக் டியோடாடோ வரைந்த 'ஒரிஜினல் சின்' என்னும் தொடர் அது. பூவுலகுக்கு வெளியிலிருந்து வரும் இடர்களைப் பல்லாண்டுகளாக யாரும் அறியாமல் ஃபியூரி கொன்றழித்து வந்தான் என்று அக்கதை சொல்கிறது. மருந்தின் ஆற்றல் தீர்ந்து அவன் முதியவனாகிறான். நிலவில் இருந்துகொண்டு உலக நிகழ்ச்சி அனைத்தையும் காண்பவன், ஆயின் எதிலும் தலையிடாதவன் ஒருவன் மார்வெல் கதைகளில் உண்டு. அவனிடமிருந்து ஓர் உண்மையை அறியவேண்டிக் கேட்டும் விடை பெறாமல், ஃபியூரி அவனைக் கொன்றுவிடுகிறான். அதற்குத் தண்டனை என்ன? கொல்லப்பட்டவனின் பணியே! நிலவில் விலங்கிடப்பட்டு, அனைத்தையும் காணவேண்டும், எதையும் செய்யலாகாது.

வாழ்நாள் முழுவதும் கண்காணித்தவனுக்குக் கண்காணித்தலே தண்டனை ஆயிற்று. அவன் கண்டறிந்தவை பெரும்பாலும் உண்மையே. அவன் பிழை, அவற்றை ஒத்துப் பார்க்க மற்றொருவரை வைத்துக்கொள்ளாததே. தான் கண்டதே கண்டது, தான் தீர்த்ததே தீர்ப்பு என்று அவன் இருந்தான். அதிபர் மறுத்தபோது அவரைக் கடந்தான். தோழர் வினவக்கூடும் என்று அஞ்சி அவர்தம் நினைவை அழித்தான். ஒற்றரையும் ஒற்றரால் தேர்க என்ற நெறி, ஒற்றரை இழிவுபடுத்த எழுந்ததன்று. ஒரு கண்ணால் கண்டதை மறுகண் சரிபார்க்க வேண்டும் என்பதே அதன் பொருள். ஃபியூரிக்கு இருந்ததோ ஒரு கண்.

அமெரிக்க மக்கள் தம் உளவுத் துறைகளை நம்பியதும், ஐயுற்றதும், அஞ்சியதும், மீண்டும் வேண்டியதும் இவ்வொரு பாத்திரத்தின் வரலாற்றில் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. அரசு ஆவணங்களைப் புரட்டாத சிறுவனும் பத்து ரூபாய்த் தாளளவுகூட மதிப்பில்லை என்று நாம் ஒதுக்கும் ஏட்டின் வழியே அதனைப் படித்துவிடுகிறான். ஆகவே, நம் இல்லத்துப் பிள்ளைகள் அப்படங்களைக் காணும்போது, அவர்களோடு அமர்ந்து நாமும் காண்போம். பறக்கும் வீரனை அவர்கள் வியக்கட்டும். பின்னால் நிற்கும் ஒற்றைக்கண்ணனைச் சுட்டி, "இவர் சொல்வதைச் சரிபார்ப்பவர் யார்?" என்று ஒரு வினாவை மட்டும் நாம் எழுப்புவோம். அவ்வினாவை எழுப்பக் கற்ற பிள்ளை, எந்நாட்டில் வாழ்ந்தாலும் நல்ல குடிமகனாக வாழ்வான்; நல்ல குடிமகளாக விளங்குவாள்.